கடல்நீர் மலையேறிய கதை

கடல்நீர் மலைக்கு எப்படிப் போகிறது? சிறு குழந்தை கேட்கக்கூடிய இக்கேள்விக்கு விடைகாண ஐரோப்பிய அறிஞர்கள் 17ஆம் நூற்றாண்டிலும் தடுமாறினர். 1665இல் அத்தனாசியஸ் கிர்ச்சர் வெளியிட்ட நூல், கடல்நீர் நிலத்தடிக் குகைகள் வழியே மலைக்குள் ஏறி ஆறாகப் பெருகுகிறது என்று படம் வரைந்தே விளக்கியது. ஆறுகளை நிரப்ப மழை மட்டும் போதாது என்பது அன்று பலரது எண்ணம்.

அதை அளந்து பார்த்துத் தகர்த்தவர் பியர் பெரோ. சேன் ஆற்றின் தலைப்பகுதியில் ஓராண்டில் பெய்யும் மழையையும் ஆற்றில் ஓடும் நீரையும் கணக்கிட்டார். மழையின் அளவு ஆற்றுநீரைப்போல் ஏறத்தாழ 6 மடங்கு! அவரது நூல் 1674இல் பாரிசில் வெளிவந்தது. எட்மண்ட் ஹாலியோ உப்புநீரைச் சூடாக்கி, குறைந்த எடையைக் கொண்டு, மத்தியதரைக் கடலிலிருந்து ஒரு நாளில் எழும் ஆவியை மதிப்பிட்டு 1687இல் வெளியிட்டார். மேலேறும் நீரும் கீழிறங்கும் நீரும் இவ்வாறு கணக்குக்குள் வந்தன.

இவ்விடத்தில் பட்டினப்பாலை நம் நினைவுக்கு வருகிறது. புகார்த் துறையில் ஓயாது நடக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்குக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உவமை, கடலுக்கும் மலைக்குமிடையே சுழலும் மழைநீரே. உவமை என்பது தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவது. எனில், நீரின் சுழற்சி அன்றைய கேட்போர்க்குப் பழகிய செய்தியாகவே இருந்திருக்க வேண்டும். இதைக் கொண்டு, நீரியலை நாமே முதலில் கண்டோம் என்று முழங்கத் துணியமாட்டோம். கண்டு சொல்வது வேறு. அளந்து நிறுவுவது வேறு. இரண்டுக்கும் அதனதன் பெருமை உண்டு.

குழந்தைகளுக்கு இதைக் கற்பிக்கையில் ஒரு கவலை எழுகிறது. பாடநூற் படத்தில் அம்புக்குறிகள் வட்டமிடுகின்றன. வட்டத்துக்கு முடிவில்லை, ஆகவே நீரும் குறையாது என்று பிஞ்சு மனம் எண்ணிவிடலாம். உலகின் மொத்த நீர் குறையாதுதான். நம் ஊர்க் கிணற்று நீர் குறையுமே! மழை தவறினால் கடலும் வளம் குன்றும் என்று வான்சிறப்பு அதிகாரத்தில் எச்சரித்த வள்ளுவரை அப்போது துணைக்கு அழைப்போம்.

படத்தோடு நில்லாமல், உலைப்பானையின் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தில் துளிர்த்த நீரைக் காட்டுவோம். அடுத்த மழைக்கு முற்றத்தில் ஒரு நேரான பாத்திரத்தை வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அடிக்கோலால் அளக்கச் சொல்வோம். பார்த்தறியும் புலவர் கண்ணும் அளந்தறியும் பெரோவின் கோலும் ஒரே குழந்தைக்கு வாய்க்கட்டும்.