கொழும்பு தயாராகத்தான் இருந்தது: 1942 உயிர்த்த ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு எண்டு சொன்னாலே கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கத்தில் எல்லாருக்கும் 2019 தான் ஞாபகம் வரும். அதற்கு 77 வருஷங்களுக்கு முதலும் இதே துறைமுகப் பக்கத்தில் ஒரு உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டு விழுந்தது. 1942 ஏப்ரல் 5. பாடப்புத்தகத்தில் அது இரண்டு வரியில் முடிந்துவிடும்.

இப்ப ஏன் அந்தக் கதை? 2022 இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு ஐரோப்பா முழுக்க ஒரே கேள்விதான்: நாளைக்கு எங்களுக்கு மேல் படையெடுத்தால் தாங்குவமா? 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு 800 பில்லியன் யூரோ வரை திரட்டும் பாதுகாப்புத் திட்டமொன்றை அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள் 2035க்குள் தேசிய உற்பத்தியில் 5 வீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவதாக உடன்பட்டன. செய்திகளில் வருவதெல்லாம் பணம், டாங்கி, ஏவுகணைக் கணக்குத்தான். கணக்கு சரியாக இருந்தும் பிழைத்துப்போன ஒரு நகரம் எங்கட கையில் உதாரணமாக இருக்கிறது.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூனும் போனது. அடுத்தது இலங்கைதான் என்று பிரித்தானியர் பயந்தார்கள். அட்மிரல் ஜெஃப்ரி லேட்டன் தளபதியாக வந்தார். ஆளுநரே அவர் சொற்கேட்கவேண்டிய அளவுக்கு அதிகாரம் அவருக்குக் கொடுக்கப்பட்டது. அவுஸ்திரேலிய, இந்திய, கிழக்காபிரிக்கப் படைகள் வந்திறங்கின. இரத்மலானையில் போர்விமானங்கள் நின்றன. இன்றைக்கு நாங்கள் கம்பஸ் முடிந்து கோப்பி குடிக்கப் போகிற ரேஸ்கோர்ஸ், அன்றைக்கு விமான ஓடுபாதை.

எச்சரிக்கையும் இருந்தது. தாக்குதல் வரும் என்று பிரித்தானிய உளவுத்துறை முன்கூட்டியே சொல்லியிருந்தது. ஏப்ரல் 4 மாலை, கொக்கலயிலிருந்து கட்டலினா விமானத்தில் பறந்த கனேடிய விமானி லெனார்ட் பர்ச்சல் யப்பானியக் கப்பற்படையைக் கடலில் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முதல் வானொலியில் செய்தியும் அனுப்பினார். துறைமுகத்தில் இருந்த கப்பல்கள் பல அவசரமாக வெளியே அனுப்பப்பட்டன.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குச் சற்று முதல், ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய சுமார் 125 விமானங்கள் கொழும்புக்கு மேல் வந்துவிட்டன. ரேடார் பொருத்தியாகிவிட்டது, ஆனால் எச்சரிக்கை விமானிகளுக்கு வந்து சேரவில்லை. இரத்மலானையில் விமானங்கள் நிலத்தில் நின்றன. எதிரி தலைக்கு மேல் வந்த பிறகுதான் மேலெழும்பின. துறைமுகத்தில் டெனடோஸ், ஹெக்டர் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. கொழும்பிலிருந்து வெளியேறியிருந்த கோர்ன்வோல், டோர்செட்சயர் என்ற இரண்டு பெரிய கப்பல்கள் அன்று பின்னேரமே கடலில் அழிந்தன; அதில் மட்டும் 424 பேர் இறந்தார்கள். நாலு நாள் கழித்துத் திருகோணமலை.

ஆயுதம் இருந்தது, தகவலும் இருந்தது. தகவலை உரிய ஆளிடம் உரிய நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒழுங்குதான் இல்லை.

அதோடு முடியவில்லை. குண்டு விழுந்ததும் சனம் நகரத்தைவிட்டு ஓடியது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த இந்தியத் தொழிலாளர் பலர் தலைமன்னார் வழியாக ஊருக்குப் போகப் பார்த்தார்கள். தொழிலாளி இல்லாத துறைமுகத்தை எத்தனை பீரங்கி வைத்தும் நடத்தேலாது. பர்மா விழுந்ததால் அரிசியும் நின்றது. ஒரு தீவு தன் சோற்றுக்கு இன்னொரு நாட்டை நம்பி இருந்தால் அதன் கதி இதுதான். குடியியல் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த ஒலிவர் குணதிலக்கவுக்கு குண்டைவிட சோறுதான் பெரிய தலையிடி. கூப்பனும் பங்கீடும் வந்தன. கோதுமை மாவும் பாணும் எங்கட சாப்பாட்டில் இவ்வளவு இடம் பிடித்ததில் அந்தக் காலத்துக்குப் பெரிய பங்குண்டு.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. 1931 இலிருந்து இலங்கையர் எல்லாருக்கும் பொதுவான வாக்குரிமை வந்துவிட்டது எண்டு பெருமைப்படுகிறோம். ஆனால் பாதுகாப்பு பிரித்தானிய அதிகாரிகளின் கையில்தான் இருந்தது. யாருடைய போர் இது என்ற கேள்வி அப்பவே எழுந்தது. போரை எதிர்த்ததற்காகச் சிறையில் இருந்த என்.எம்.பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர்.டி.சில்வா, எட்மண்ட் சமரக்கொடி நால்வரும் ஏப்ரல் 7 இல் கண்டி போகம்பரையிலிருந்து தப்பினார்கள். அவர்கள் யப்பானின் ஆட்களும் இல்லை. மே மாதம் கொகோஸ் தீவில் காவல் நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். கிரேஷியன் பெர்னாண்டோ உட்பட மூவர் தூக்கிலிடப்பட்டார்கள். வெளியிலிருந்து வந்தவன் பூட்டிய கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு அது தங்கட வீடாகத் தெரியவில்லை.

இதை வைத்து ஐரோப்பாவைப் பாருங்கள். பின்லாந்தில் சுமார் 50,500 பதுங்குமிடங்கள். அந்த நாட்டின் 56 இலட்சம் பேரில் 48 இலட்சம் பேருக்கு இடமுண்டு. சுவீடன் 2024 இல் போர் வந்தால் என்ன செய்வது என்ற கைநூலை வீடு வீடாக அனுப்பியது. தண்ணி எவ்வளவு சேமிக்கவேண்டும், எந்தச் செய்தியை நம்பவேண்டும் என்றெல்லாம் சனத்தோடு கதைக்கிற நாடுகள் அவை. மற்ற நாடுகள் ஆயுதம் வாங்குகிற வேகத்தில் இதையும் செய்யுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

கடைசியாக எங்கட பக்கம். 2019 தாக்குதலுக்கு 17 நாள் முதலே, ஏப்ரல் 4 இல், இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1942 இல் ஆண்டவன் வெள்ளைக்காரன் எண்டு சொல்லித் தப்பலாம். 2019 இல் எச்சரிக்கையை மேசையில் வைத்திருந்தவர்கள் நாங்கள் வாக்குப் போட்டவர்களும் அவர்கள் நியமித்தவர்களும். அடுத்த முறை பாதுகாப்புக்கு இத்தனை பில்லியன் எண்டு வரவுசெலவுத் திட்டத்தில் வாசிக்கும்போது, அந்தத் தகவல் கொச்சிக்கடைக் கோயில் வாசல்வரைக்கும் எப்படி வந்து சேரும் எண்டு யாராவது கேட்கவேண்டும்.