மறைந்து நின்று வருத்தும் பழுது

நிலைத்து நிற்கும் பழுதைக் கண்டறிதல் எளிது. தோன்றி மறையும் பழுதைக் கண்டறிதலே அரிது. மருத்துவர்க்கும் இயந்திர வினைஞர்க்கும் ஒருங்கே பொருந்தும் உண்மை இது. காய்ச்சல் தணிந்த பின்னர் மருத்துவரை நாடும் நோயாளியைப் போலவே, நடுவழியில் நின்றுபோன கார் பட்டறை வாயிலை அடைந்ததும் ஒரு குறையும் இல்லாதது போல் ஓடத் தொடங்கிவிடுகிறது. இன்றைய கார்களில் இத்தகைய பழுதுகளுட் பல, சென்சார் எனப்படும் உணரிகளையும் அவற்றின் கம்பிகளையும் சார்ந்தவை. அவற்றை அறியும் கலை வளர்ந்த வரலாற்றை ஆராய்வதற்குத் தெப்ராவ் வட்டாரம் தக்கதொரு களமாகும்.

தெப்ராவ் ஆற்றங்கரையில் 1844ஆம் ஆண்டில் தான் கீ சூன் என்பாரின் தலைமையில் சீனர் குடியேறி மிளகும் கம்பீரும் பயிரிட்டனர். அந்நாளில் ஆறே அவர்தம் சாலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. ரப்பரோடு தமிழ்த் தொழிலாளரும் வந்தனர். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் முறையாகத் திறந்துவைக்கப்பெற்றது. ஆற்றின் இடத்தைச் சாலையும், படகின் இடத்தை லோரியும் காரும் பிடித்துக்கொண்டன. மவுண்ட் ஆஸ்டின் போன்ற பழைய ரப்பர்த் தோட்டங்கள் இன்று வீடுகளும் கடைகளும் நிறைந்த நகர்ப்பகுதிகளாக விளங்குகின்றன. அங்கிருந்து நாள்தோறும் பாலத்தைக் கடக்கும் கார்கள் வெயிலிலும் மழையிலும் நெரிசலில் ஊர்ந்து செல்கின்றன. வெப்பம், ஈரம், அதிர்வு ஆகிய மூன்றுமே வந்துபோகும் பழுதுக்குப் பிறப்பிடங்கள். இம்மூன்றும் இவ்வட்டாரத்தில் குறைவின்றி உண்டு.

பழைய கார்களிலும் இத்தகைய பழுதுகள் இல்லாமல் இல்லை. மழைக்காலக் காலையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியினுள் ஈரம் படிந்தால் இயந்திரம் உயிர்பெறாது. உலர்ந்த துணியால் துடைத்தால் உயிர்பெறும். கடும் வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி ஓட்டம் தடைப்பட்டால், பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி அதனைக் குளிர்விப்பர். ஏட்டுக் கல்வி மிகுதியாக இல்லாத ஓட்டுநரும் கைக்கொண்ட முறைகள் இவை. ஆயினும் இவற்றுள் ஓர் அறிவியல் நெறி அடங்கியிருந்தது. பழுது எப்பொழுது தோன்றுகிறது, எந்நிலையில் மறைகிறது என்று நோக்குவதே அந்நெறி.

காருக்குள் மின்னணுவியல் புகுந்த கதையும் வந்துபோகும் பழுதோடுதான் தொடங்கியது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எலெக்ட்ரோஜெக்டர் என்னும் எரிபொருள் செலுத்தும் அமைப்பு, 1958ஆம் ஆண்டுக்குரிய கிரைஸ்லர் கார்கள் மிகச் சிலவற்றில் பொருத்தப்பட்டது. வெப்பத்தையும் ஈரத்தையும் நெடுநாள் தாங்கும் ஆற்றல் அக்கால மின்னணு உறுப்புகளுக்கு இருக்கவில்லை. எனவே அக்கார்களுட் பெரும்பாலானவற்றில் அவ்வமைப்பைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரையே மீண்டும் பொருத்தினர். கருத்து சிறந்ததே, அதனைத் தாங்கும் உடல்தான் அமையவில்லை.

பெண்டிக்ஸின் காப்புரிமைகளைப் பயன்படுத்தி ஜெர்மனியின் போஷ் நிறுவனம் அக்கருத்தை வளர்த்தது. காற்று மாசைக் கட்டுப்படுத்தக் கலிபோர்னியா மாநிலம் விதிகள் இயற்றிய காலம் அது. 1967ஆம் ஆண்டில் வோல்க்ஸ்வாகன் கார் ஒன்றில் போஷின் டி-ஜெட்ரோனிக் அமைப்பு இடம்பெற்றது. உட்செல்லும் காற்றின் அழுத்தத்தையும் இயந்திரத்தின் வெப்பத்தையும் உணரிகள் அளந்து கூற, அதற்கேற்பப் பெட்ரோலின் அளவை ஒரு மின்னணுப் பெட்டி முடிவுசெய்தது. அன்றுமுதல் இயந்திரத்தின் நலம் உணரிகளின் வாய்மையைச் சார்ந்ததாயிற்று. உணரி பொய்யுரைத்தால் இயந்திரமும் வழிதவறும்.

மலேசியாவில் இம்மாற்றம் சற்றுப் பிந்தியே வந்தது. தெப்ராவுக்கு அண்மையிலுள்ள தம்போயில் ஒரு கார் பொருத்தும் ஆலை இயங்கியது. 1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் புரோட்டான் சாகா வெளிவந்தது. அதன் இயந்திரமும் கார்புரேட்டர் கொண்டதே. 1990களில் புரோட்டான் வீரா போன்ற கார்களின் வழியாகவே மின்னணு எரிபொருள் அமைப்பு நம் பட்டறைகளில் பரவலாயிற்று. மிட்சுபிஷி முறையில் அமைந்த அக்காலக் கார்களில் பழுதின் எண்ணை அறிய, வினைஞர் ஊசியுள்ள வோல்ட்மீட்டரை இணைத்து அதன் அசைவுகளை எண்ணினர். நீண்ட அசைவுகள் பத்துகளையும் குறுகிய அசைவுகள் ஒன்றுகளையும் குறித்தன. செவியால் இயந்திரத்தைக் கேட்டவர்கள், கண்ணால் அதன் மொழியைப் படிக்கத் தலைப்பட்டனர்.

அம்மொழி நிறுவனந்தோறும் வேறுபட்டது. அக்குறையைப் போக்க, 1996ஆம் ஆண்டுமுதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்திலும் ஓ.பி.டி. இரண்டு என்னும் பொதுமுறை கட்டாயமாக்கப்பட்டது. பதினாறு முனைகள் கொண்ட ஒரே வகை இணைப்பி, ஒரே வகை எண்கள் என்பன அதன் கூறுகள். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001ஆம் ஆண்டில் இதனையொத்த முறை வந்தது. பின்னர் உலகெங்கும் பரவிய இம்முறையால், இன்று சிறு பட்டறையிலும் கையடக்கக் கருவியால் பழுதெண்ணைப் படிக்க இயலுகிறது.

எண் கிடைத்ததும் பழுது கிடைத்துவிட்டது என்று கருதுவதுதான் இக்காலத்தின் பெரும் பிழை. பி0335 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். கிராங்க் தண்டின் சுழற்சியை உணரும் உணரியின் மின்சுற்றில் குறை என்பதே அதன் பொருள். சுற்று என்றால் உணரி மட்டுமன்று. கம்பி, இணைப்பி, எர்த் இணைப்பு, மின்னணுப் பெட்டி ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். மற்றொரு சான்றும் காண்போம். வெப்ப உணரியின் கம்பி அறுந்தால், பல கார்களில் கருவி பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை எனக் காட்டும். பனியே காணாத ஜொகூரில் அத்தகைய குளிர் ஏது? அவ்வெண் வெப்பத்தின் அளவன்று, அறுந்த கம்பியின் குரல். மேலும், உணரிகள் பல ஒரே ஐந்து வோல்ட் மின்வழியைப் பகிர்ந்துகொள்வதுண்டு. அவ்வழியில் ஒரு கம்பியின் உறை தேய்ந்து இரும்பைத் தொட்டால், குற்றமற்ற உணரிகள் அனைத்தின்மேலும் ஒரே நேரத்தில் பழி விழும்.

வந்துபோகும் பழுதிலோ இடர் இன்னும் மிகுதி. கிராங்க் உணரிகளுட் சில, மெல்லிய செப்புக்கம்பிச் சுருளால் ஆனவை. சூட்டில் விரியும்போது சுருளின் நுண்ணிய முறிவு பிரிகிறது, இயந்திரம் நிற்கிறது. ஆறியபின் முறிவு ஒட்டிக்கொள்கிறது, இயந்திரம் ஓடுகிறது. ஆறிய நிலையில் அளந்தால் அளவு சரியாகவே இருக்கும். ஆகவே தேர்ந்த வினைஞர் பழுதை மீண்டும் வரவழைக்கிறார். உணரியைச் சூடேற்றிப் பார்க்கிறார். இயந்திரம் ஓடும்போதே கம்பிகளை மெல்ல அசைத்துப் பார்க்கிறார். அலைகாட்டியில் மின்னலை அறுபடும் கணத்தை நோக்குகிறார். பழுது நேர்ந்த வேளையில் இருந்த வெப்பம், வேகம் முதலியவற்றைக் காரின் மின்னணுப் பெட்டியே பதிந்துவைத்திருப்பதும் உண்டு. அதனைப் படித்துக் குறித்துக்கொள்ளுமுன் பழுதெண்ணை அழிப்பது, படியெடுக்குமுன் ஏட்டுச்சுவடியை எரிப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வளவு கருவிகள் வந்த பின்னும் முதற்கருவி கேள்வியே. மழையிலா, வெயிலிலா? பாலத்து நெரிசலிலா, விரைவுச் சாலையிலா? எத்தனை நிமிடம் ஆறியபின் மீண்டும் ஓடியது? ஈரத்துணியோடு நின்ற பழைய ஓட்டுநர் அறிந்திருந்ததும் இதுவே. இக்கேள்விகளைக் கேளாமல் எண்ணை மட்டும் நம்பி உறுப்பை மாற்றினால், உழைப்பாளி ஒருவரின் ஊதியத்திற் பெரும்பகுதி வீணாகும். பழுதோ அப்படியே இருக்கும். நெரிசல் மிக்க சாலையில் இயந்திரம் திடீரென நிற்குமாயின் உயிருக்கும் கேடு நேரலாம்.

நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் காட்டும் நெறி. வகுப்பறையில் அதனைக் கற்கும் மாணவருட் பலர் நாளை தொழிற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லவிருப்பவர். உணரி, மின்சுற்று, இணைப்பி ஆகிய சொற்களை அக்குறட்பாவோடு சேர்த்தே அவர்க்கு அறிமுகம் செய்தல் தமிழாசிரியர்க்குத் தகும். எண்ணைப் படிக்கக் கருவி போதும். காரணத்தை ஆராயப் பயின்ற உள்ளம் வேண்டும்.