சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி: கண்டறியும் முறை

சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி, சுருக்கமாக பி.சி.ஓ.எஸ்., குழந்தை பெறும் வயதுப் பெண்களிடம் பரவலாகக் காணப்படும் ஹார்மோன் கோளாறு. இவ்வயதினரில் நூற்றுக்கு 6 முதல் 13 பேருக்கு இது இருப்பதாகவும், அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை கண்டறியப்படாமலே இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 1935இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டைன், லெவென்தால் இருவரும் 7 பெண்களிடம் கண்டதை வைத்து இதை விவரித்தனர்.

அளவுகோல்

இதை உறுதிசெய்யத் தனியொரு பரிசோதனை கிடையாது. 2003இல் வகுத்த ராட்டர்டாம் அளவுகோலின்படி மூன்றில் இரண்டு இருக்க வேண்டும்: ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண்ட்ரோஜன் (ஆண்பால் ஹார்மோன்) மிகுதி, ஸ்கேனில் நீர்க்கட்டித் தோற்றம். 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு ஸ்கேனுக்கு மாற்றாக ஏ.எம்.எச். (ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையையும் ஏற்கிறது. முதலிரண்டும் தெளிவாக இருந்தால் ஸ்கேனே தேவையில்லை.

அறிகுறிகள்

வயதுக்கு வந்து மூன்றாண்டு கடந்தபின், 21 நாளுக்குள்ளாகவோ 35 நாளைத் தாண்டியோ வரும் மாதவிலக்கு ஒழுங்கற்றது. காலண்டரில் குறித்துவைத்த தேதிகள் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். ஆண்ட்ரோஜன் மிகுதியை அறிய, மேலுதடு, தாடை, மார்பு உள்ளிட்ட ஒன்பது இடங்களில் முடி வளர்ச்சிக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவர். முடி வளர்ச்சியைப் பற்றிச் சொல்லக் கூச வேண்டியதில்லை. முகத்து முடியை அகற்றி வருபவர் அதையும் சொல்ல வேண்டும்.

ரத்தப் பரிசோதனை

டெஸ்டோஸ்டிரோன் அளவு பார்க்கப்படும். கருத்தடை மாத்திரை இந்த அளவை மாற்றிவிடும் என்பதால், அதை நிறுத்தி மூன்று மாதமாவது கழிந்திருக்க வேண்டும். இதேபோன்ற அறிகுறிகளைத் தரும் பிற கோளாறுகளை விலக்க டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), புரோலாக்டின், 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் ஆகியவையும் பார்க்கப்படும்.

ஸ்கேன்

நீர்க்கட்டி என்று பெயர் இருந்தாலும், ஸ்கேனில் தெரிபவை வளர்ச்சி பாதியில் நின்ற சினைநுண்பைகள். பெரும்பாலும் சினைப்பையின் ஓரத்தில் மணி கோத்தாற்போல் தெரியும். ஒரு சினைப்பையில் 20 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, சினைப்பையின் கன அளவு 10 மி.லி. அல்லது அதற்கு மேல் இருந்தாலோ கணக்கில் கொள்ளப்படும். வயதுக்கு வந்து எட்டாண்டு ஆகாத பெண்களுக்கு நோயை உறுதிசெய்ய ஸ்கேனையோ ஏ.எம்.எச். அளவையோ பயன்படுத்துவதில்லை, அப்பருவத்தில் இத்தோற்றம் இயல்பாகவே இருக்கக்கூடும். ஸ்கேன் சீட்டை மட்டும் வைத்து ஒரு சிறுமியை நோயாளி என்று சொல்லிவிடக் கூடாது.

உறுதியான பின்

75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து ரத்தச் சர்க்கரை பார்ப்பர். கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்ப்பர். மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதால், அவற்றைக் கேட்டறிவதும் பரிசோதனையின் ஒரு பகுதியே.