ஸ்போர்ட்ஸ் செடான் காருக்கு டயர் மாத்தப் போறீங்களா? 17 இன்ச் அலாய் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

வோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி, ஸ்கோடா ஸ்லாவியா, ஹூண்டாய் வெர்னா டர்போ... 150 குதிரைத்திறன், அதற்கும் மேல் தரும் செடான்கள் இன்று நம்ம ஊர் சாலைகளில் சாதாரணமாகவே ஓடுகின்றன. இந்தக் கார்களை வாங்கி சில வருடம் ஓட்டியவர்கள் எல்லோரும் ஒரு நாள் டயர் கடை வாசலில் போய் நிற்கத்தான் வேண்டும். அங்கே வரும் முதல் கேள்வி இதுதான்: "சார், அதே சைஸ் போட்டுடலாமா? இல்ல 17 இன்ச் அலாய்க்கு போயிடலாமா? லுக்கு செமையா இருக்கும்!"

இந்த ஒரு கேள்விக்கு அவசரத்தில் சொல்லும் பதில், மழையில் பிரேக் அடிக்கும்போது கார் எங்கே நிற்கும் என்பதையே மாற்றிவிடும். ஏன்னா, எவ்வளவு பெரிய இன்ஜினா இருந்தாலும், ஏபிஎஸ், இஎஸ்சி என்று எத்தனை வசதி இருந்தாலும், கார் ரோட்டைத் தொடுவது நான்கே இடத்தில்தான். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு உள்ளங்கை அளவு. டயர் கொடுக்கும் பிடிமானத்தை வைத்துத்தான் ஏபிஎஸ் வேலை செய்யும். இல்லாத பிடிமானத்தை அதனால் உருவாக்க முடியாது.

அப்போ என்ன டயர் வாங்கணும்? வீலை மாத்தலாமா, வேண்டாமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல்ல, மாத்த வேண்டிய நேரம் வந்துடுச்சா?

டயரின் பள்ளங்களுக்குள் விரலை விட்டுப் பார்த்தால், குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். டயரின் மேல்பகுதி தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. தான் மிச்சம் என்று அர்த்தம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார்களுக்கான குறைந்தபட்ச அளவும் இதுதான். அதற்குக் கீழே போன டயரில் ஓட்டுவது விதிமீறல்.

ஆனா, 1.6 மி.மீ. வரும் வரை காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. புது டயரில் பொதுவாக 8 மி.மீ. அளவுக்கு ஆழம் இருக்கும். அந்தப் பள்ளங்கள்தான் மழைநீரை வாரி வெளியே தள்ளுகின்றன. ஆழம் 3 மி.மீ. பக்கம் வந்ததுமே, தேங்கிய தண்ணீரில் கார் மிதந்து வழுக்கும் ஆபத்து தெளிவாக அதிகரிக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே ஒரு முறை சோதித்துவிடுவது நல்லது.

வயதும் முக்கியம். டயரின் சைடுவாலில் 'டாட்' என்ற குறியீட்டின் கடைசியில் 4 இலக்கம் இருக்கும். உதாரணமாக 2324 என்றிருந்தால், 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. ரப்பர் வெயிலில் காய்ந்து கெட்டியாகும். எனவே அதிகம் ஓடாத காராக இருந்தாலும், 5 வருடம் தாண்டினால் ஆண்டுக்கு ஒரு முறை நிபுணரிடம் காட்ட வேண்டும். சைடுவாலில் வெடிப்பு, புடைப்பு தெரிந்தால் கிலோமீட்டர் கணக்கு பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

டயர்ல எழுதியிருக்கிற நம்பருக்கு என்ன அர்த்தம்?

மேலே சொன்ன மூன்று கார்களிலும் டாப் வேரியன்ட்களில் வரும் சைஸ் 205/55 ஆர்16. கூடவே 91வி என்பது போல ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும்.

* 205: டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
* 55: சைடுவால் உயரம். அகலத்தில் 55 சதவீதம், அதாவது சுமார் 113 மி.மீ.
* ஆர்16: ரேடியல் டயர், 16 இன்ச் வீலுக்குப் பொருந்தும்.
* 91: ஒரு டயர் தாங்கும் எடை. 91 என்றால் 615 கிலோ.
* வி: அதிகபட்ச வேகம். வி என்றால் மணிக்கு 240 கி.மீ. எச் என்றால் 210, டி என்றால் 190.

"நாம எங்க 240-ல போகப் போறோம், டி ரேட்டிங் போதுமே" என்று சிலர் நினைப்பார்கள். ஆனால் வேகக் குறியீடு என்பது அந்த டயர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதற்கும் ஒரு அடையாளம். காருடன் வந்த டயரில் இருக்கும் எடை, வேகக் குறியீடுகளுக்குக் கீழே போகக்கூடாது. மேலே போகலாம்.

சைஸைப் பெருசாக்கினா என்ன ஆகும்?

பெரிய வீல் போட்டாலும், டயரோட மொத்த விட்டம் பழையபடியே இருக்க வேண்டும். இதுதான் அடிப்படை விதி. வீல் பெருசானால் சைடுவால் சின்னதாகி அதை ஈடுகட்டும். கணக்கு இப்படி வரும்:

* 205/55 ஆர்16 (ஒரிஜினல்): விட்டம் 632 மி.மீ., சைடுவால் 113 மி.மீ.
* 205/50 ஆர்17: விட்டம் 637 மி.மீ., சைடுவால் 103 மி.மீ.
* 225/45 ஆர்17: விட்டம் 634 மி.மீ., சைடுவால் 101 மி.மீ.
* 225/40 ஆர்18: விட்டம் 637 மி.மீ., சைடுவால் 90 மி.மீ.
* 215/60 ஆர்16: விட்டம் 664 மி.மீ., சைடுவால் 129 மி.மீ.

கடைசி சைஸைப் பாருங்க. "கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடும்" என்று சொல்லி சிலர் பரிந்துரைப்பது இது போன்ற சைஸைத்தான். விட்டம் 5 சதவீதம் கூடிவிடுவதால், மீட்டர் 100 காட்டும்போது பழைய டயரில் போனதை விட 5 கி.மீ. கூடுதல் வேகத்தில் போவீர்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் உள்ளே உரசவும் வாய்ப்புண்டு. விட்டத்தில் வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் இருப்பது பாதுகாப்பான கணக்கு.

விட்டம் சரியாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். 205/50 ஆர்17 சைஸின் சாதாரண டயரில் எடைக் குறியீடு 89, அதாவது 580 கிலோதான். ஒரிஜினலை விட ஒரு டயருக்கு 35 கிலோ குறைவு. குடும்பத்தோடு லக்கேஜ் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகும் காருக்கு இது சரிப்படாது. இதே சைஸில் 'எக்ஸ்எல்' என்று போட்ட, 93 குறியீடு கொண்ட டயர்தான் வேண்டும். அது 650 கிலோ தாங்கும்.

17 இன்ச் நல்லதா, கெட்டதா?

இரண்டும் உண்டு. சைடுவால் சின்னதாவதால் வளைவுகளில் டயர் குறைவாக நெளியும், ஸ்டியரிங் உடனுக்குடன் பதில் சொல்லும். உயர்ரக ஸ்போர்ட்ஸ் டயர்கள் 16 இன்ச்சை விட 17, 18 இன்ச்களில் அதிக வகைகளில் கிடைக்கின்றன. 17-க்குப் போக இதுவும் ஒரு நியாயமான காரணம்.

ஆனால் அந்தச் சைடுவால்தான் பள்ளத்தில் விழும்போது அடியைத் தாங்கும் மெத்தை. மழைக்குப் பிறகு சாலை எப்படி இருக்கும், பெயின்ட் அடிக்காத வேகத்தடை இரவில் எப்படி வரும் என்று நமக்குத் தெரியாதா என்ன? 18 இன்ச்சுக்குப் போனால் 23 மி.மீ. மெத்தை போய்விடுகிறது. ஒரே பள்ளத்தில் டயர் புடைத்து, அலாயும் வளைந்துபோனால், செலவு டயரோடு நிற்காது. போதாததற்கு, பெரிய வீல் பெரும்பாலும் எடையும் கூடுதல். அதனால் பிக்கப், மைலேஜ், சொகுசு மூன்றும் கொஞ்சம் குறையும்.

இன்னொரு தவறான நம்பிக்கை: "அகலமான டயர் போட்டா பிரேக் நல்லா பிடிக்கும்." காய்ந்த சாலையில் ஓரளவு உதவலாம். ஆனால் தண்ணீர் தேங்கிய சாலையில், அதே தரத்திலுள்ள அகல டயர் அதிகத் தண்ணீரைத் தள்ள வேண்டியிருப்பதால் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும். பிரேக்கிங்கைத் தீர்மானிப்பதில் அகலத்தை விட ரப்பரின் தரமும் பள்ளங்களின் வடிவமும்தான் முக்கியம்.

அதனால் பெரும்பாலானவர்களுக்கு நல்ல வழி இதுதான்: அலாய்க்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, அதே 16 இன்ச்சில் ஒரு படி மேலான டயர் வாங்குங்க. காரின் குணமே மாறியது போல இருக்கும்.

எந்த வகை டயர் வாங்கலாம்?

பிராண்டைப் பார்ப்பதற்கு முன்னால், வகையைப் பாருங்க.

சொகுசு டயர்: மிச்செலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா போன்றவை. சத்தம் குறைவு, ஆயுள் அதிகம், மழையிலும் நல்ல பிடிமானம். ஆபீஸ், வீடு, மாதம் ஒரு முறை ஹைவே என்று ஓட்டுபவர்களுக்கு இதுவே போதும்.

ஸ்போர்ட்ஸ் டயர்: மிச்செலின் பைலட் ஸ்போர்ட், குட்இயர் ஈகிள் எஃப்1, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா போன்றவை. ரப்பர் மென்மையானது என்பதால் பிடிமானம் அதிகம், தேய்மானமும் அதிகம். மலைப்பாதைகளில் ரசித்து ஓட்டுபவர்களுக்கு ஏற்றது.

பல டயர்களின் சைடுவாலில் 'டிரெட்வேர்' என்று ஒரு எண் இருக்கும். எண் பெருசா இருந்தா அதிக நாள் உழைக்கும் என்று பொருள். ஆனால் இது நிறுவனங்கள் தாங்களே தரும் எண். அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்க.

ஈரச் சாலையில் பிடிமானம், உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு, சத்தம் ஆகிய மூன்றுக்கும் இந்தியாவில் கட்டாய விதிமுறை உண்டு. புதிய வடிவமைப்பு டயர்களுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், ஏற்கெனவே இருந்த வடிவமைப்புகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதலும் இதற்கான தேதி அறிவிக்கப்பட்டது. ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். அது இல்லாத டயரை விலை குறைவு என்று வாங்க வேண்டாம்.

வீலையும் மாத்துறீங்களா? இந்த 4 விஷயம் முக்கியம்

1. போல்ட் இடைவெளி: இதை பிசிடி என்பார்கள். விர்டஸ், ஸ்லாவியாவில் 5x100. அதே குடும்பத்து ஆக்டேவியாவில் 5x112. அதாவது ஆக்டேவியா வீல் அழகாக இருக்கிறதே என்று வாங்கினால், விர்டஸில் பொருந்தாது.

2. நடு ஓட்டை: விர்டஸ், ஸ்லாவியாவுக்கு 57.1 மி.மீ. வெளியில் வாங்கும் வீலில் இது பெருசாக இருந்தால், இடைவெளியை நிரப்பும் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் ஹைவே வேகத்தில் ஸ்டியரிங் ஆடும். எத்தனை முறை பேலன்ஸிங் செய்தாலும் போகாது.

3. ஆஃப்செட்: வீல் உள்ளே தள்ளி நிற்குமா, வெளியே துருத்துமா என்பதைச் சொல்லும் அளவு. வீலின் மேல் 'இடி' என்ற எழுத்துகளுடன் பொறித்திருக்கும். ஒரிஜினலில் இருந்து அதிகம் விலகினால் டயர் உரசும், பேரிங் சீக்கிரம் போகும்.

4. போல்ட் வடிவம்: பலரும் கவனிக்காத ஆபத்து இது. வோக்ஸ்வாகன், ஸ்கோடா கம்பெனி போல்ட்டின் உட்காரும் பகுதி உருண்டையாக இருக்கும். வெளியில் விற்கும் அலாய்கள் பலவற்றுக்குக் கூம்பு வடிவ போல்ட் வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால், முறுக்கும்போது இறுகியது போலத் தெரிந்தாலும், ஓட ஓட லூஸாகிவிடும்.

ரெண்டு டயர் மட்டும் மாத்தினா, எங்கே போடணும்?

"முன்வீல் இழுக்கிற காரு, புதுசை முன்னாடி போடுங்க" என்பார்கள். தவறு. புது டயர்களைப் பின்பக்கம்தான் போட வேண்டும். மழையில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் காரே சுழன்றுவிடும். ஸ்டெப்னி எந்த சைஸ் என்றும் பார்த்துக்கொள்ளுங்க. அது வேறு சைஸாக இருந்தால், அதில் எழுதியிருக்கும் வேக வரம்பைத் தாண்டக்கூடாது.

சட்டமும் இன்ஷூரன்ஸும் என்ன சொல்லுது?

நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் அமையும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில், கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே காரின் கையேட்டில் நிறுவனமே குறிப்பிட்டிருக்கும் சைஸ்களுக்குள் நிற்பதுதான் சிக்கல் இல்லாத வழி. வீலை மாற்றினால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்க.

வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் பணம் கிடைக்காது. காருக்கும் சேர்ந்து சேதம் ஏற்பட்டால்தான் கிடைக்கும், அதுவும் டயர் விலையில் 50 சதவீதம் வரைதான். லோ புரொஃபைல் டயர் போடுபவர்கள் டயருக்கான தனி ஆட்-ஆன் பற்றி யோசிக்கலாம்.

கடையை விட்டு கிளம்புறதுக்கு முன்னாடி...

* நான்கு டயரிலும் தயாரிப்பு வாரத்தைப் பாருங்க. நான்கும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் தயாரானதா என்று உறுதிசெய்யுங்க.
* பில்லில் சைஸ், எடை, வேகக் குறியீடுகளை எழுதச் சொல்லுங்க. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. அதையும் சரிபாருங்க.
* வால்வு புதுசாகப் போடச் சொல்லுங்க. பேலன்ஸிங், அலைன்மென்ட் இரண்டும் அவசியம்.
* போல்ட்டை இம்பாக்ட் கன்னில் மட்டும் இறுக்காமல், கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லுங்க.
* காற்றழுத்தம் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியிலோ ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிங்க. வேறு சைஸோ எக்ஸ்எல் டயரோ போட்டிருந்தால் அதற்கேற்ற அளவைக் கேட்டுக்கொள்ளுங்க.

கடைசியாக ஒன்று. "வெயில் காலம், காத்தைக் கொஞ்சம் கம்மியா வைங்க" என்ற அறிவுரையைக் கேட்காதீங்க. காற்று குறைந்த டயர்தான் அதிகம் நெளிந்து, அதிகம் சூடாகி, ஹைவேயில் வெடிக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயராக இருந்தாலும், மாதம் ஒரு முறை காற்றைப் பார்க்காவிட்டால் அந்தச் செலவுக்குப் பலன் இல்லை.