பக்கிங்காம் கால்வாய்

பக்கிங்காம் கால்வாய் என்பது சோழமண்டலக் கரையை ஒட்டிச் செல்லும் உப்புநீர்க் கால்வாய் ஆகும். ஆந்திரப் பிரதேசத்தின் பெத்தகஞ்சாம் முதல் தமிழ்நாட்டின் மரக்காணம் வரை இதன் நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர்.

வரலாறு

1806 இல் தொடங்கப்பட்ட இது முதலில் கொக்ரேன் கால்வாய் எனப்பட்டது. 1877–78 இல் பஞ்ச நிவாரணப் பணியாக அடையாறும் கூவமும் இணைக்கப்பட்டன. அப்போதைய சென்னை ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் பின்னர் இடப்பட்டது.

படகுப் பயணம்

கழிமுகங்கள் வழியே கடல்நீர் புகுவதால் கால்வாயின் நீர்மட்டம் ஓதத்துக்கேற்ப மாறும். ஆறுகளைக் கடக்கும் இடங்களில் நீர்மட்டத்தைக் காக்க அடைப்புக் கதவுகள் அமைக்கப்பட்டன. விறகு, உப்பு முதலியன படகுகளில் சென்னைக்கு வந்தன. காற்று வாய்த்தால் பாய் விரிக்கப்படும். இல்லையேல் படகோட்டிகள் கோலால் உந்துவர், கரையில் நடந்து கயிற்றால் இழுப்பர். இக்கடும் உழைப்பைப் பாரதிதாசன் "மாவலிபுரச் செலவு" என்னும் கவிதையில் பாடியுள்ளார்.

தற்போதைய நிலை

1965–66, 1976 ஆம் ஆண்டுகளின் புயல்களில் சேதமடைந்த பின்னர் போக்குவரத்து நலிவுற்றது. சென்னையில் பறக்கும் தொடருந்துத் தடத்தின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே எழுப்பப்பட்டதால் அதன் அகலம் குறுகியது. 2004 ஆழிப்பேரலையின்போது பல இடங்களில் கடல்நீரை உள்வாங்கிக் கரையோர மக்களுக்கு இக்கால்வாய் அரணாயிற்று. 2008 இல் இது தேசிய நீர்வழி 4 இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது.