தாழ் கியர் (சுமைப் பயண சைக்கிள்)

மூட்டைமுடிச்சோடு மேடு ஏற உதவும், மிதிப்பு இலேசான பல்லமைப்பு. துடியலூரிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் இதன் அருமை தெரியாது. குன்னூர் போகும் வழியில் கல்லாறு தாண்டினால் தெரியும். மேட்டுப்பாளையத்தைவிடக் குன்னூர் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே மலை ரயிலுக்கே, 12-க்கு 1 ஏற்றத்தில், பல்தண்டவாளம் வேண்டியிருக்கிறது.

முன்னே 44, பின்னே 18 பல் கொண்ட சாதா சைக்கிள் பெடல் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். முன்னே 22, பின்னே 34 என்றால் சுமார் 1.4 மீட்டர்தான். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கி.மீ., அதாவது நடைவேகம். அதற்கும் கீழே போனால் ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும்.

‘21 கியர்’ என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். வாங்கும்போது கேட்க வேண்டியது, முன்னே மிகச் சிறிய பல்சக்கரத்துக்கும் பின்னே மிகப் பெரிய பல்சக்கரத்துக்கும் எத்தனை பல் என்பதையே.