காவிரிப் படுகையின் நெல்வயலும் மீதேன் வாயுவும்

நெல்வயலில் தேங்கிய நீரின் அடியில், பிராணவாயு எட்டாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், மட்கும் தாளையும் வேர்க்கழிவையும் பற்றி மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன என்பதும், அதன் பெரும்பகுதி பயிரின் உடலிலுள்ள காற்றறைகள் வழியே ஏறி வெளியேறுகிறது என்பதும், 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு உஷ்ணத்தைப் பூமியில் தேக்குகிறது என்பதும் விஞ்ஞானம் ஐயமற நிறுவிய உண்மைகள். வயலை இடையிடையே காயவிட்டால் அவ்வாயு ஏறக்குறையப் பாதியாகக் குறையும். இதைத்தான் நம் வேளாண் துறையினர் காய்ச்சலும் பாய்ச்சலும் என்கின்றனர். துளையிட்ட குழாயொன்றை வயலில் பாதியளவு புதைத்து, அதனுள்ளே நீர் மண்மட்டத்துக்குக் கீழ் 15 செ.மீ. இறங்கிய பின்னரே மடையைத் திறந்து 5 செ.மீ. நீர் கட்டவேண்டும், பூக்கும் பருவத்தில் காயவிடலாகாது. முறை எளியது; செலவும் சொற்பம்.

ஆயினும் இம்முறை தஞ்சைத் தரணியில் வேரூன்றாமைக்குக் குடியானவரின் பழமைப்பற்றைக் காரணமாகக் கூறுவது அநீதி என்பதே என் துணிபு. 1934-இல் எழுந்த மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தபின், கல்லணையில் பிரிந்து, ஆறும் வாய்க்காலும் கண்ணி வாய்க்காலுமாகக் கிளைத்து, பல இடங்களில் ஒருவர் வயலிலிருந்து அடுத்தவர் வயலுக்கு வழிந்து செல்லும் நீரைத் தம் வயலளவில் நிறுத்தவோ விடவோ கடைமடைக்காரருக்கு ஏது அதிகாரம்? நீர் குறைந்த ஆண்டுகளில், நாள் முறைவைத்து நீர் விடும் முறைப்பாசனம் வந்துவிடுகிறது. அப்போது குழாயில் நீர் 5 செ.மீ.தான் இறங்கியிருக்கிறது, முறையோ இன்று வந்திருக்கிறது, அடுத்த முறை என்று வருமென்பது நிச்சயமில்லை. மடையைத் திறந்துவிடுவதே அங்கு விவேகம். ஆழ்துளைக் கிணறு உடையவருக்கு இத்தடை இல்லை. ஆனால் மின்சாரம் இலவசமாதலால், மிச்சமாகும் நீர் அவருக்குக் காசாக மிச்சமாவதில்லை.

மழைக்காலப் போகங்களான சம்பாவுக்கும் தாளடிக்கும் வடகிழக்குப் பருவமழையே எஜமானன். அங்கே வேண்டுவது காய்ச்சலன்று, வடிகால். வேதாரண்யத்தை ஒட்டிய உவர்நிலங்களிலோ, தேங்கிய நன்னீர்தான் உப்பைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது. வயல் காய்ந்தால் உப்பு மேலேறிப் பயிரைக் கருக்கும். யூரியா மிகுதியாக இட்ட நிலத்தைக் காயவிட்டு நனைப்பதால், கரியமிலவாயுவினும் ஏறத்தாழ 270 மடங்கு வீரியமுள்ள நைட்ரஸ் ஆக்ஸைடு எழுவதும் உண்டு. ஆகவே நீரோடு உரத்தையும் அளந்தாலன்றிக் கணக்கு முழுமையாகாது.

ஆதலின் முயற்சியை ஆழ்துளைக் கிணற்று நீரில் விளையும் குறுவைப் போகத்தில் தொடங்குவதும், ஆற்றுப்பாசனத்தில் தனி வயலை விடுத்து வாய்க்கால் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்வதுமே பொருத்தம். முறைநாள்களை நடவுக்கு முன்னரே அறிவித்து, அந்நாளில் தவறாமல் நீர் விட நீர்வளத்துறை உடன்பட்டால், காயவிடுவது குடியானவருக்குத் துணிகரமாக இராது. 1922 முதல் ஆடுதுறையில் இயங்கிவரும் நெல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய வாய்க்கால் ஒன்றைத் தலைமடையிலிருந்து கடைமடை வரை எடுத்துக்கொண்டு, வாயு, நீர், உரம், விளைச்சல் நான்கையும் மூன்று போகங்களிலும் ஒருங்கே அளக்குமானால், இம்முறை ஆற்றுப்பாசனத்தில் பலிக்குமா என்ற, தனி வயற்பரிசோதனைகள் விடையளிக்காத கேள்விக்கு விடை கிட்டும்.